கட்டத்துக்கு ஃபான்ட் கிடையாது

ஒன்பது நாள், நான்கு மணி நேரம்.

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது, ஹேமநாத் "ஒரு வாரம் இருக்கும் சார்" என்றார். சரியான கணக்கு பக்கத்தில் நின்ற மதிவதனிக்குத் தெரியும்.

இப்போது அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். வேலூர் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் அவர் மனைவி பரிமளாவும் உட்கார்ந்திருந்தார்கள். பரிமளாவின் மடியில் அவருடைய சோடாபுட்டிக் கண்ணாடி இருந்தது.

விழித்திரை பிரிந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்து ஒட்டிவிடலாமாம். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் நடுப்பார்வை தப்பியிருக்கும், இப்போது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அது வலது கண். இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். இன்று காலைவரை மதிவதனிக்கு அது தெரியாது.

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் கடை. ஹேமநாத் கரையையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார். மதிவதனி ஆர்டர்களை டைப் செய்வாள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

வைரஸ் வந்து கம்ப்யூட்டர் திணறியபோது, பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்று சொன்னது அவள்தான். சேர்ந்த ஆறு மாதத்தில், யாரும் கேட்காமல் அவள் சொன்ன ஒரே யோசனை.

போட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு ஹேமநாத் கூப்பிட்டார்.

"மதி, இங்க வாம்மா. எழுத்தெல்லாம் நெளிஞ்சுகினு இருக்குது. உன் லினக்ஸ் வேலையா இது?"

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"ஆமாண்ணா" என்றாள்.

அன்று ஃபான்டை மாற்றினாள். அடுத்த நாள் எழுத்தின் விளிம்பை மழுங்க வைக்கும் அமைப்பை மாற்றினாள். அதற்கடுத்த நாள் அதைக் கூர்மையாக்கினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே ஃபோனில் தேடிப் படித்தாள். எழுத்தின் கோடுகளைத் திரையின் புள்ளிகளோடு ஒட்ட வைக்க ஒரு வழி இருந்தது. ஒரு புள்ளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் கூராக்க இன்னொரு வழி இருந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் ஹேமநாத் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இப்ப தேவல" என்பார். மறுநாள் காலை மறுபடியும் கூப்பிடுவார்.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம மதி கம்ப்யூட்டர்ல புலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதற்கு முன்னால் அந்தக் கடையில் யாரும் அவளை 'நம்ம மதி' என்றதில்லை.

ஆறாம் நாள் எழுத்தைப் பெரிதாக்கினாள். எட்டாம் நாள் இன்னும் பெரிதாக்கினாள்.

இன்று காலை நெசவாளர் பழனி, புது டிசைனில் நெய்த கோபுரக் கரையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்.

"என்னா ஹேமு, கோபுரம் சாஞ்சுகினு நிக்குது? கள்ளு கிள்ளு குடிச்சிட்டு வந்துச்சா?"

ஹேமநாத் அதை முகத்தருகே தூக்கிப் பார்த்தார். "நேராத்தானே இருக்குது" என்றார்.

பழனி சிரித்தார். மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்த் திரையில் அந்த டிசைனைத் திறந்தாள். அங்கேயும் கோபுரம் சாய்ந்திருந்தது. நேராக இருந்ததை, தன் கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை அவர் கட்டம் கட்டமாகத் தள்ளி வைத்திருந்தார்.

எழுத்துக்கு ஃபான்ட் உண்டு. கட்டத்துக்கு ஃபான்ட் கிடையாது.

ஹேமநாத்தை ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னாள். பிறகு மறு கண்ணை. பரிமளாவுக்கு ஃபோன் செய்தாள். மூன்று பேருமாக வேலூர் பஸ் ஏறினார்கள்.

வராந்தாவில் ஒரு நர்ஸ் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

பரிமளா மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"நீ இல்லைன்னா இன்னும் எத்தினி நாள் ஓட்டியிருப்பாரோ" என்றாள். "ஒம்பது நாளா உன்ன பேஜார் பண்ணிகினு இருந்தாராமே. இவரு எழுத்து சரியில்லன்னாராம், நீயும் நம்பி உக்காந்து சரி பண்ணினியாம்."

மதிவதனி தரையைப் பார்த்தாள்.

"நானா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். எழுத்து நல்லாத்தான்யா கீது, உன் கண்ணுதான் பொட்டக்கண்ணு, ஜல்தி டாக்டராண்ட போன்னு."

சொல்லிவிட்டுப் பரிமளா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியை மடித்து, உறைக்குள் வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள் மதிவதனி.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"அக்கா. எனக்கு மொத நாளே எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது."