மூன்று பதில்கள்

ஜமால்தீன் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

முப்பது வருஷம் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானங்களை இறக்கிய குரல் அது. நாளை கண்டியில், ஓய்வுபெற்றோர் கூட்டத்தில், ‘குரலே வானத்தின் உயிர்’ என்று முழங்க வேண்டிய குரல். பைலட்டும் கட்டுப்பாட்டாளரும் இப்போது திரையில் எழுதி எழுதிப் பேசிக்கொள்கிறார்களே, அந்த ஊமை வேலையைக் கிழித்துத் தொங்கவிட இருந்தார். ஒத்திகையில் தொண்டைதான் கிழிந்தது.

ஒரு வாரம் பேசவே கூடாது என்றுவிட்டார் டொக்டர்.

திகனயில் அவர் வீட்டுச் சத்தம் நின்றதும், அயல்வீட்டுக்காரர்கள் கரண்ட் போய்விட்டதோ என்று வெளியே வந்து பார்த்தார்கள்.

வழக்கமாக மேல்மாடிக் கதிரையிலிருந்து கட்டளை இறங்கும். கீழே குசினியிலிருந்து மனைவி உம்மு குல்சும் அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரத்துச் சட்டம். அவள் எதையாவது கேட்டால் மட்டும் ஒரே பதில்: ஸ்டான்ட்பை. பொறு என்று அர்த்தம். நாவலப்பிட்டியில் தங்கச்சி கட்டிய புதுவீட்டைப் பார்த்துவிட்டு வரவா என்று அவள் கேட்டு ஒரு வருஷம். இன்னும் ஸ்டான்ட்பைதான்.

லீவில் வந்திருந்த மகள் ரிப்காவுக்கு அந்த ஊமை வேலையில்தான் சம்பளம். காலையில் போனை எடுத்து இரண்டு பேரையும் பழக்கிவிட்டாள். பைலட்மாரைப் போலவே மூன்று பதில் போதும். செய்கிறேன் என்றால் வில்கோ. இல்லையென்றால் முடியாது. மூன்றாவதை வாப்பாவுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

பேப்பர் என்று மனைவிக்கு எழுதினார். வில்கோ என்று வந்தது. ரிப்கா பேப்பரோடு படியேறி வந்தாள்.

கொத்தமல்லித் தண்ணீர் என்று எழுதினார். வில்கோ. அதையும் ரிப்காதான் கொண்டுவந்தாள்.

கத்தாமலே காரியம் நடந்தது. எழுதி வைத்திருந்த பேச்சில் ஒரு வரியை மாற்றலாமா என்றுகூட யோசித்தார். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

இஞ்சி போதாது, நீயே மேலே வா என்று எழுதினார்.

முடியாது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவரிடம் யாரும் சொல்லாத சொல். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். முடியாதுதான்.

ரிப்காவைப் பார்த்துக் கையை விரித்தார்.

"உம்மா கம்பளை தாண்டிட்டாங்க வாப்பா. நாவலப்பிட்டிக் கோச்சியில ஜன்னல் சீட்டாம்."

மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி காற்று. பெருவிரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார்: எப்ப வருவாய்?

பதில் உடனே வந்தது.

ஸ்டான்ட்பை.