ஃபோர் நோ டிரம்ப்

"சீட்டுக்கட்டா? பேடம்மா, வேண்டாம். இது ஐ.சி.யூ." என்றார் டாக்டர் வீணா.

ஸ்ரீலக்ஷ்மி கைப்பையிலிருந்து எடுத்த கட்டைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. "ஒரே ஒரு தடவை டாக்டர். அப்பாவுக்கு நினைவு இருக்குன்னு நான் காட்டறேன். இல்லேன்னா நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

கட்டிலில் அப்பா தேசிகன் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவருக்காக மூச்சு விடுவது மெஷின்தான். கையைத் தூக்குங்கள், கண்ணை மூடுங்கள் என்று யார் கேட்டாலும் பதில் இல்லை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் எப்போதாவது துடிக்கும். அது தானாக நடப்பது என்றார்கள்.

மெஷினை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் குழு கூடி முடிவு சொல்லியாகிவிட்டது. தம்பி அச்யுத் சம்மதித்துவிட்டான். பாக்கி ஸ்ரீலக்ஷ்மிதான்.

"அப்பாவை இன்னும் எத்தனை நாள்க்கா இப்படிப் படுத்தறது?" என்றான் அச்யுத். அவன் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அழுது ஓய்ந்தவன்.

ஸ்ரீலக்ஷ்மிக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவை அவளுக்குத் தெரியும். வீட்டில் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷர், பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டால் மட்டும் கேட்ட கேள்விக்கு டக்கென்று பதில் சொல்வார். அதுவும் இம்மி பிசகாமல், விதிப்படி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் வீட்டு ஹாலில், எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் லாயிட், "ஃபோர் நோ டிரம்ப்" என்பார். உன் கையில் எத்தனை ஏஸ் சீட்டு இருக்கிறது, ஸ்லாம் என்கிற பெரிய பந்தயம் வரை போகலாமா என்று அர்த்தம். அப்பா "ஃபைவ்..." என்று ஆரம்பித்து ஏதோ பதில் சொல்வார். அதற்குள் அவள் காலி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போயிருப்பாள்.

"கையில எத்தனை ஏஸ்னு நேராவே கேக்கலாமே?" என்றார், அவள் விளக்கியதைக் கேட்ட டாக்டர்.

"நேராத்தான் இத்தனை நாளாக் கேட்டுண்டிருக்கோமே. அவர் பாஷைல கேட்டுப் பாக்கறேன்."

டாக்டர் வீணா நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு. சீட்டுகளை அவரே பொறுக்கியெடுத்து, மகள் பார்க்காதபடி தேசிகனின் கண்ணெதிரே விரித்துப் பிடித்தார். ஸ்ரீலக்ஷ்மி அப்பாவின் விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, ஃபோர் நோ டிரம்ப். விரலால தட்டிச் சொல்லுங்கோ."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மூணு! மூணு சொல்றார் டாக்டர்!" என்று கத்தியேவிட்டாள்.

டாக்டர் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு ஏஸ்தான் இருந்தது.

"அசதியா இருக்கும். இன்னொரு தடவை, ப்ளீஸ்."

இந்தத் தடவை ஒரே ஒரு தட்டு. டாக்டர் கையிலோ நாலு ஏஸும் இருந்தன. ஸ்ரீலக்ஷ்மி விடவில்லை. மறுபடியும் கெஞ்சினாள். மூன்றாவது தடவையும் ஒரே தட்டுதான். டாக்டர் சீட்டுகளைத் திருப்பினார். ஒரு ஏஸ்கூட இல்லை.

"நாலு இருந்தப்பவும் ஒண்ணு, ஒண்ணுமே இல்லாதப்பவும் ஒண்ணு. சாரிம்மா, விரல் தானாத்தான் துடிக்குது. சார் இப்போ நம்மகூட இல்ல" என்றார் டாக்டர்.

ஸ்ரீலக்ஷ்மி விரலை விட்டாள். அப்பாவின் கண்கள் அவள் பக்கமே இருந்தன. அதை நம்பவும் இனி அவளுக்குத் தெம்பு இல்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மெஷினை எடுத்தார்கள். மூச்சு அடங்க நேரம் பிடித்தது. அவள் கடைசிவரை காலடியில் நின்றுகொண்டிருந்தாள்.

மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்த லாயிட் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. விவேக் நகர் வீட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு, ஆட்டோவில் நேரே அல்சூருக்கு வந்தார். தேசிகனின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஸ்ரீலக்ஷ்மி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "அழாதீங்கோ அங்கிள். அப்பா நினைவோட கஷ்டப்படலை. அதை நிச்சயம் பண்ணிண்டுதான் சம்மதிச்சேன். நீங்க கேக்கற மாதிரியே ஃபோர் நோ டிரம்ப்னு கேட்டேன்."

டாக்டர் காட்டிய சீட்டுகளையும் அப்பா தட்டியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மூணும் தப்பு அங்கிள்."

லாயிட் நிமிர்ந்தார். பிரிட்ஜ் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாவு வீடானாலும், பார்ட்னர் சொன்னது தப்பு என்று யாராவது சொன்னால் பொறுக்காது. மனசு தடுப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"என்னம்மா தப்பு? ஏஸை எண்ணிச் சொல்ற பதில் இல்லம்மா அது. ஃபைவ் கிளப்ஸ், ஃபைவ் டயமண்ட்ஸ், ஃபைவ் ஹார்ட்ஸ்னு படிப்படியா ஏறும். ஒண்ணுமே இல்லேன்னா முதல் படி. ஒரு ஏஸ்னா ரெண்டாவது படி, ரெண்டுன்னா மூணாவது. நாலும் இருந்துச்சுன்னா திரும்பவும் முதல் படிதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அப்போ அப்பா..." என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

லாயிட்டுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூணுமே சரியாத்தாம்மா சொல்லியிருக்கான்."