போடாத பந்து

பேஸ்பாலில் பந்து வீசுகிறவன் களைத்தால்தான் மாற்று வீச்சாளன் பிரிட்டோவுக்கு வேலை. வேலிக்குப் பின்னால் வீசிவீசிக் கையைச் சூடேற்றிக்கொண்டு காத்திருப்பான். சுவரில் போன் அடிக்கும். "வேணாம்ப்பா, உக்காரு" என்பார் கோச். யாரும் பார்க்காத அந்த வீச்சுகளிலேயே தோள் தேய்ந்துவிட்டது. இந்த ஆட்டத்தோடு போதும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

இன்று கடைசிக் கட்டத்தில் "வா" என்றார் கோச். இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை. மட்டையோடு நின்றவனுக்கென்றே பிரிட்டோ ஒரு வளைபந்தைப் பழகி வைத்திருந்தான். விரல்களைப் பந்தின் தையலில் பதித்தபோது, முதல் தளத்தில் நின்ற எதிரணிக்காரன் அடுத்த தளத்துக்கு ஓட அவசரப்பட்டு விலகி நகர்வது ஓரக்கண்ணில் பட்டது. பழக்கதோஷம், கை சட்டென்று திரும்பி அங்கே எறிந்துவிட்டது. அவன் தளத்துக்குத் திரும்புமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அவன் அவுட். ஆட்டம் முடிந்தது.

"ஒரு பந்துகூடப் போடாம ஜெயிச்சுக் குடுத்துட்டியேடா!" கோச் கட்டிப்பிடித்தார். பிரிட்டோ அவரை உதறிவிட்டு, மட்டையை இழுத்தபடி வெளியேறிக்கொண்டிருந்தவன் பின்னால் ஓடினான்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன். நீங்க அடிச்சாலும் பரவால்ல."