உடைந்த கொப்பரை

"தோள்பட்டை கழண்டு கையோட வந்துடும்போல இருக்கு. ஒரு வாய் தண்ணி குடு பெரியம்மா."

லெமுவல் டாகெட் கோடரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். கென்டக்கி மலைப் பக்கத்துக்கு அவர்தான் சாராய வரி அதிகாரி. காலடியில் சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரை பிளந்து கிடந்தது. சோள ஊறல் வழிந்து ஓடையே புளித்து நாறியது.

ஓடைக்கு மேலே குடியிருந்த விதவை ஆர்ஃபா, இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தண்ணி எதுக்கு தொரை? வரி கட்டாத சரக்குதான் ஓடை நிறைய ஓடுதே, அள்ளிக் குடிங்க."

உதவியாள் வெர்ஜில் சிரித்தான். "வாயைப் பாரு. கொப்பரை யாருதுன்னு கேட்டா மட்டும் திறக்காது."

"காட்டுல கெடக்குது. கரடி காய்ச்சியிருக்கும்."

"கரடி நல்லா இருக்கட்டும்! இந்த மாசமும் ஒண்ணும் சிக்கலேன்னா சாருக்கு வேலை போயிருக்கும். அந்த நாற்காலிக்கு மேலதிகாரியோட மச்சான் காத்துக்கிட்டிருக்கான்."

லெமுவல் கோடரிக் காம்பைத் துடைத்தார். உள்நாட்டுப் போருக்கு முன்னால் மரம் பிளந்தவர். ஓட்டுச் சேர்த்துக் கொடுத்ததற்குக் கட்சி இந்த உத்தியோகத்தைக் கொடுத்தது. அன்று மரம், இன்று செம்பு. கூலி கூடியிருக்கிறது, வலி அதே வலிதான்.

"சோளத்தை மூட்டையா கீழ இறக்கினா கோவேறு கழுதைக் கூலிக்கே பத்தாது. காய்ச்சி இறக்கினாத்தான் காசு. எனக்குத் தெரியாதா பெரியம்மா?"

"தெரிஞ்சுமா உடைக்கிறீங்க?"

"உடைச்சாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்."

ஆர்ஃபா காறித் துப்பினாள். "உங்களைச் சொல்லி என்ன? சம்பளத்துக்கு உடைக்கிறீங்க. காட்டிக் கொடுத்த நாய் ஒண்ணு இருக்கே, அதோட நாக்கு அழுகணும். எங்களோட உக்காந்து ரொட்டி தின்னதாத்தான் இருக்கும்."

"அதுக்குத்தான் சர்க்கார் துப்புக்கூலி தருதே" என்றான் வெர்ஜில்.

சாட்சிக்காகக் கொப்பரையின் சுருள் குழாயைக் கோவேறு கழுதைமேல் கட்டிக்கொண்டு அவன் முன்னால் இறங்கினான். அவன் முதுகைப் பார்த்தும் ஆர்ஃபா ஏசினாள். அவனைப் பெற்றவளையும் விடவில்லை. கழுதையின் மணிச்சத்தம் தேய்ந்து மறைந்தது.

லெமுவல் பாறையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு சட்டைக்குள் கைவிட்டு பண நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஆர்ஃபா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கொப்பரையின் பிளந்த அடிப்பாகத்தைக் காலால் தள்ளினாள்.

"அடி தேஞ்சுபோச்சு தம்பி, ஊறல் பாதி அடுப்புலதான் கொட்டுது. அதான் உங்களுக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். புதுசு வாங்க இது பத்தாது. போன வருசம் துப்புக் கொடுத்ததுக்கு உள்ள பத்து டாலர் இன்னும் பாக்கி."