டீசல் ஒழிக!

மூன்று நாளாக அடைமழை. தெருவில் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் வாத்தியார் வீட்டில் மட்டும் மின்விசிறி ஜம்மென்று சுற்றியது.

"பாத்தியா? மாடியில சோலார் போட்டப்ப சிரிச்சியே!" என்றார் மனைவியிடம்.

"சிரிச்சது தப்புதாங்க," என்றபடி அவள் சமையலறைக்குள் நழுவினாள்.

கம்ப்யூட்டர், விஞ்ஞானம், மின்சாரம் என்று தினம் ஒரு கருத்தை இணையத்தில் எழுதாவிட்டால் வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்காது. இன்று 'டீசல் ஒழிக!' என்று தலைப்புப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார்.

பக்கத்துத் தையல் கடை ஜெனரேட்டர் தடதடவென்று உயிரை வாங்கியது. நாலு பாரா தாண்டியதும் பொறுமை போய் ஜன்னலைத் திறந்தார்.

"ஏங்க டெய்லர், இந்தக் காலத்துலயும் டீசலா? சூரியன் சும்மா குடுக்குது. இத்தனை மழையிலயும் என் பேட்டரி அசரல, பாருங்க! முதல்ல அந்தச் சனியனை நிறுத்துங்க."

தையற்காரர் தலையைச் சொறிந்தார். "நிறுத்தட்டுமா சார்? எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்."

"இதுல கேக்க என்ன இருக்கு? நிறுத்துங்க!"

சத்தம் நின்றது.

மின்விசிறியும் நின்றது. திரை இருண்டது. சேமிக்காத நாலு பாராவும் போயே போயிற்று.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க? எங்க பேட்டரி காலையிலயே படுத்துடுச்சு, உங்க ஒயர்லதான் வீடே ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. சீக்கிரம் போடுங்க! பாவம், டீசலைத் திட்டி முடிச்சுடட்டும்!"