கணக்கு மாமா

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புது ஆளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே நௌஸாத் பாடம் நடத்தினார்.

கல்முனைக்குடியில் றுஸ்னாவின் வீட்டு ஹோல் அது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோரே முறைபோட்டுப் படிப்பிக்கும் இடம். இங்கே யாரும் சேர், டீச்சர் இல்லை, மாமா, மாமிதான். மகளோடு வரும் நௌஸாத், கணக்கு மாமா.

வந்த ஆள் பாடத்தைக் கவனிக்கவேயில்லை. கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மலசலகூடம் எங்கே என்று விசாரித்தார்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு றுஸ்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குசினிப் பக்கம் நௌஸாத் போனார்.

"ஆள் ஆரு தங்கச்சி?"

"ஜெறோமாம். மகனச் சேர்க்க வந்திரிக்காராம்," என்றாள் றுஸ்னா.

"பொய். இது கல்விக் கந்தோர் அதிகாரிப் பார்வை. நாளைக்கே எல்லாத்தையும் இழுத்து மூடிப்போடுவானுகள்."

பாடம் முடிந்ததும் ஜெறோமை வாசலில் மறித்தார். "உண்மையச் செல்லுங்க. நீங்க கந்தோர் ஆள்தானே?"

ஜெறோம் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம். போன கிழமைதான் மாற்றலாகி வந்த. ஆனா சத்தியமா மகனச் சேர்க்கத்தான் வந்தன். இவ்வளவு பள்ளிக்கூடத்தையும் சுத்திப் பாத்த எனக்கு, அவன அங்க விட மனமில்ல. வெளிய தெரிஞ்சா எண்ட வேல போயிரும். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

நௌஸாத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜெறோமின் தோளில் கைபோட்டார்.

"நான் செல்லமாட்டன். நாளைக்கி எங்கட அரசாங்கப் பள்ளிக்கூடத்தப் பார்வையிட வாற புது ஆள் நீங்கதான் போல. அங்க வந்தா நீங்களும் என்னத் தெரியாத மாதிரியே இரிங்க. நான்தான் அந்தப் பள்ளிக்கூட அதிபர்."