மூடிய கண்ணாடிக்குள்

“கோயிலுக்கு வெளிக்கிட்டாலே கார் ஏசி வேலை செய்யுதில்லை, தம்பி,” என்று ஹவுகன்ஸ்டுவா என்ற ஊரின் கராஜில் சீனித்தம்பி முறையிட்டார். “நாளைக்குத் தேர். கண்ணாடியைத் திறந்தால் காத்து இரைச்சல். நான் பாடுற தேவாரம் இவளுக்குக்கூடக் கேக்காது.”

அருகே அவர் மனைவி கனகாம்பிகை கைப்பையை அணைத்துப் பிடித்தபடி நின்றாள்.

மெக்கானிக் துஷ்யந்தன் ஏசி வாயுவைச் சோதித்தான், நிறைந்திருந்தது. பியூஸ் பெட்டியைத் திறந்தவன், ஏசி பியூஸின் இடம் வெறுமையாயிருக்கக் கண்டு சற்றுத் திகைத்து, புதிய பியூஸ் ஒன்றைச் செருகினான். குளிர்காற்று பொங்கி எழுந்தது.

“வாங்கோ அண்ணை, கண்ணாடியைப் பூட்டிப்போட்டு ஓடிப் பாப்பம்.”

முதல் வளைவிலேயே சீனித்தம்பி உச்சக் குரலில் பதிகம் எடுத்தார். பதினொரு பாட்டும் நிறைவுற்ற பின்னரே கார் திரும்பியது. அவர் நீர் அருந்த உள்ளே சென்றார்.

துஷ்யந்தன் காதைத் தேய்த்தபடி இறங்கினான். “அக்கா, ஏசி பியூஸைக் கழட்டினது நீங்களோ?”

கனகாம்பிகை நாணத்துடன் கைப்பையைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த பழைய பியூஸைக் காட்டினாள்.

துஷ்யந்தன் புதியதையும் கழற்றி அந்தப் பைக்குள் போட்டான். பின்பு உள்ளே பார்த்துக் கூவினான்:

“அண்ணை, ஏசி திரும்பவும் நிண்டிட்டுது!”